பிரித்துப் போட்ட கான்டெஸாவை விற்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு காலத்தில் ஊர்த் திருவிழாவுக்கு வந்து நின்றால் பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுப் பார்த்த கான்டெஸா கார், இன்று பாலக்கோட்டுப் பக்கத்து மாந்தோப்பு ஷெட்டிலோ காவேரிப்பட்டணத்துப் பழைய கிடங்கிலோ, எஞ்சின் ஒரு மூலையிலும் கதவுகள் ஒரு மூலையிலும் நட்டு போல்ட்டுகள் யூரியா சாக்கிலுமாகக் கிடப்பதை இந்த வட்டாரத்தில் சிலராவது பார்த்திருப்பார்கள். ஆறு மாதத்தில் புதிதாக்கித் தருவதாகச் சொன்ன மெக்கானிக்கை நம்பிப் பிரித்திருப்பார்கள். பிரித்தவர் தொழிலை விட்டிருப்பார், அல்லது பிரிக்கச் சொன்ன பெரியவர் காலமாகியிருப்பார். அத்தகைய வண்டியைப் பழைய இரும்பாக எடைக்குப் போடாமல், மீண்டும் உருவாக்க விரும்பும் ஒருவருக்கு விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வியாபாரி அல்லன். என் பெரியப்பா வாங்கிய 1991ஆம் ஆண்டு வண்டியை இதே நிலையில் ஒருமுறை விற்க முயன்று தோற்று, இரண்டாம் முறை விற்றவன். கீழே உள்ளவற்றில் பாதி, தோற்றபோது தெரிந்துகொண்டவை.

கான்டெஸாவை நம் ஊர் மசில் கார் என்பார்கள். மசில் கார் என்பது 1960களின் அமெரிக்காவில், நடுத்தர அளவுள்ள பாடிக்குள் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சினை இறக்கி விற்ற வண்டிகளுக்கு வந்த பெயர். நம் நாட்டில் அந்தப் பெயர் கான்டெஸாவுக்கு ஒட்டிக்கொண்டதற்கு அதன் வேகம் காரணமன்று. நீண்ட பானெட்டும் அகன்ற முகமும்தான் காரணம். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் தயாரித்த விக்டர் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை இதைத் தயாரித்தது. தொடக்க கால வண்டிகளில் அம்பாசிடரில் இருந்த அதே 1,489 சிசி எஞ்சின்தான் இருந்தது. ஏறக்குறைய 50 குதிரைத்திறன் அவ்வளவு பெரிய உடம்பை இழுக்கத் திணறியது. பின்னர் இசுஸுவின் 1,817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் பொருத்தி வந்த ‘கிளாசிக்’ வண்டியையே இன்று பெரும்பாலோர் தேடுகிறார்கள். இசுஸு டீசல் எஞ்சினுடன் வந்தவையும் உண்டு. ஆகவே வாங்க வருபவரின் முதல் கேள்வி, உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின், அது வண்டியுடன் பிறந்ததா அல்லது இடையில் ஏற்றியதா என்பதாகவே இருக்கும். அதற்குரிய விடை ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதால், ஷெட்டுக்குப் போவதற்கு முன் பீரோவைத் திறக்க வேண்டும்.

முதலில் காகிதம்

பிரித்த வண்டியில் எந்தப் பாகம் இல்லாவிட்டாலும் தேடிப் பிடிக்கலாம், ஆர்.சி. இல்லையென்றால் விற்பனை என்ற பேச்சே உதிரிபாக விற்பனையாகச் சுருங்கிவிடும். புத்தகத்தை எடுத்துப் பதிவெண், பதிவான தேதி, எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், உரிமையாளர் பெயர், கடன் குறிப்பு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது என்பதால், இன்று கிருஷ்ணகிரியில் நிற்கும் பழைய வண்டியிலும் தருமபுரியின் டிஎன் 29 என்ற எண்ணே இருக்கக்கூடும். டிஎன் 24 கிருஷ்ணகிரிக்கும் டிஎன் 70 ஓசூருக்கும் பின்னர் வந்தவை. எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் வண்டி இருக்கிறது என்பதை இதை வைத்து ஊகித்து, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைத் தட்டிப் பாருங்கள். கையெழுத்துப் புத்தகக் காலத்து வண்டிகள் பல அதில் ஏறியிருக்காது. ஏறாதிருந்தால், மூலப் புத்தகத்துடன் அலுவலகத்துக்குச் சென்று பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தருமாறு விண்ணப்பிக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் அலையக்கூடும். ஆனால் விளம்பரத்துக்கு முன்பே இதை முடித்தவர், முடிக்காதவரைவிடத் துணிந்து விலை சொல்லலாம்.

உரிமையாளர் காலமாகியிருந்தால் நேராக விற்க முடியாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதங்கள், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் படிவம் 31 கொடுத்து வண்டியை ஒருவர் பெயருக்கு முதலில் மாற்ற வேண்டும். அக்காள் தங்கைகளிடம் கையெழுத்து வாங்குவதை, வாங்குபவர் முன்பணம் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்காத வண்டிக்கு விலை வந்தது என்று தெரிந்த அன்றுதான் பங்கு நினைவுக்கு வரும். வங்கிக் கடன் குறிப்பு இருந்து, கடன் என்றோ தீர்ந்திருந்தாலும், வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35உம் கொடுத்து அதை நீக்கினால்தான் பெயர் மாற முடியும்.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்குப் படிவம் 25உடன் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். பிரித்துப் போட்ட வண்டியை நிறுத்த வழியில்லை. பதிவு காலாவதியான வண்டிக்குப் பெயர் மாற்றம் கேட்டால், முதலில் புதுப்பித்து வாருங்கள் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். ஆக, வண்டி முழுமையானால்தான் பதிவு, பதிவு உயிர்பெற்றால்தான் பெயர் மாற்றம் என்ற வரிசையில், விற்ற பின்னும் ஓரிரு ஆண்டுகள் வண்டி உங்கள் பெயரிலேயே இருக்கும் நிலை வரலாம். இதை மறைக்காமல் வாங்குபவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். செலவும் சிறிதன்று. 2022 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. காலதாமதத்துக்கு மாதம் 500 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 6,000 ரூபாய், தனியாகச் சேரும். பசுமை வரியும் உண்டு. இதை யார் ஏற்பது என்பதை விலைப் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

“விண்டேஜ் வண்டியாகப் பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே” என்று ஒரு புரோக்கர் நிச்சயம் சொல்வார். 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் பெரிதாக மாறாமல் இருக்கும் வண்டிக்கே அந்தப் பதிவு கிடைக்கும். மிகப் பழைய கான்டெஸாவுக்கே 2034இல்தான் ஐம்பது வயதாகும்.

எண்களைக் காட்டுவது

புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் பாடியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றுதான் என்று காட்டுவது அடுத்த வேலை. எண் பொறித்த இடத்தைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். எமரித்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் ஆகியவற்றை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நல்லெண்ணத்தோடு தேய்த்தாலும், தேய்ந்த எண் திருட்டு வண்டியின் எண்ணைப் போலவே தோன்றும். ரிவெட் அடித்த தகடு கழன்று விழுந்திருந்தால், அதை நீங்களாகத் திரும்ப அடிக்காமல், விழுந்தபடியே உறையில் போட்டு வைத்துச் சொல்லிவிடுங்கள். எஞ்சின் எண் ஒத்துப்போகாவிட்டால் விற்பனை நின்றுவிடாது. ஆனால் எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றவில்லை என்பதை விளம்பரத்திலேயே எழுத வேண்டும்.

சாக்கைக் கொட்டி எண்ணுதல்

முதன்முறை பெங்களூரிலிருந்து ஒருவர் என் வண்டியைப் பார்க்க வந்தபோது, பாடி நன்றாக இருக்கிறது, எஞ்சினும் இருக்கிறது என்ற பெருமையில் அவரை நேராக ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். பாடியைச் சுற்றி வந்து தலையசைத்தவர், மூலையில் இருந்த மூன்று சாக்குகளைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். “எல்லாம் இதிலேதான் இருக்குதுங்க” என்றேன். அவர் ஒரு சாக்கில் கைவிட்டு, ஒரு பிடி துருப்பிடித்த போல்ட்டையும், டிராக்டரிலிருந்து வந்த ஒரு பேரிங்கையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எது இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாத வண்டியில், தெரியாதது அத்தனையும் இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குபவர் விலை வைப்பார். பிரித்த வண்டியின் விலையில் நம் கையில் உள்ள பங்கு, சரிபார்க்கக்கூடிய விவரத்தை எவ்வளவு கூட்டுகிறோம் என்பதுதான்.

ஒரு தார்ப்பாயை விரித்துச் சாக்குகளைக் கொட்டுங்கள். முதல் சுற்றில் இந்த வண்டியுடையது அல்லாததை ஒதுக்குங்கள். பம்ப்செட் வால்வு, மாட்டு வண்டி அச்சாணி, பழைய டிராக்டர் நட்டு எல்லாம் வெளிவரும். இரண்டாம் சுற்றில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக்கும் ஸ்டியரிங்கும், கதவும் கண்ணாடியும், விளக்கும் வயரிங்கும், இருக்கையும் டேஷ்போர்டும், குரோம் பூசிய வெளிப்பாகங்கள் என்று குவியல்களாக்குங்கள். எது எங்கே போகும் என்று தெரியாவிட்டால், கான்டெஸாவோ அம்பாசிடரோ பார்த்துப் பழகிய மூத்த மெக்கானிக் ஒருவரை அரை நாள் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் அத்தகையவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுடைய அரை நாள் இந்த வேலையில் நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மிகவும் பயனுள்ளது. ஒவ்வொரு சிறு தொகுதியையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் எழுதிய தகர வில்லையை உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டும் காகிதத்தை எலி தின்றுவிடும், எனக்குத் தின்றது.

பின்பு பட்டியல் எழுத வேண்டும். ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டு பத்தி போதாது. இருந்தும் பயன்படாதது, இருக்கிறது ஆனால் இந்த வண்டியின் மூலப் பாகம்தானா என்பது ஐயம் என்று இன்னும் இரண்டு பத்தி வேண்டும். கான்டெஸாவில் எஞ்சின் பாகத்தைவிட அரிதானவை முன் கண்ணாடி, பின் விளக்கு, கிரில், பம்பர், ஜன்னல் பட்டை, உள்ளே கைப்பிடி, மீட்டர், பெயர் எழுத்து முதலியவை. உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாவதால் இவற்றைக் கடையில் கேட்டு வாங்க முடியாது. பழுதுபட்ட கார்புரேட்டரைத் தேர்ந்த கை சீராக்கிவிடும்; உடைந்த பின் விளக்குக் கண்ணாடியை யாராலும் சீராக்க முடியாது. ஆகையால் கீறல் விழுந்த ஒரு பின் விளக்கைக்கூடக் குப்பை என்று எறியாமல் பட்டியலில் ஏற்றுங்கள்.

இந்த நிலையில் ஒரு சபலம் வரும். வேறொரு கான்டெஸாக்காரர் தொலைபேசியில் அழைத்து, முன் கண்ணாடியும் கிரில்லும் மட்டும் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்பார். பாடி மீட்க முடியாத அளவு அரித்திருந்தால் கொடுப்பதே சரி. பாடி நன்றாக இருந்தால் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்த இரண்டும் போன பின் மீதியை யாரும் முழு வண்டியாகக் கருத மாட்டார்கள், மீதி எடைக்குத்தான் போகும்.

பாடியின் துருவைச் சொல்லும் முறை

கான்டெஸாவுக்கு லாரியைப் போல அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. தரையும் பக்கவாட்டுப் பெட்டியும் சேர்ந்த பாடியே வண்டியின் எலும்பு. எனவே துரு எங்கே, எவ்வளவு என்பதே பாடியின் விலை. சென்னைக் கடற்காற்றில் கிடந்த வண்டியோடு ஒப்பிட்டால் நம் மேட்டு நிலத்து வண்டிகள் பொதுவாகத் தப்பியவை என்று வாங்குபவர்களுக்குத் தெரியும். அதை நம்பி வருபவரிடம், நம் ஊருக்கே உரிய மூன்று கேடுகளை நாமே சொல்லிவிட வேண்டும். புளிய மரத்தடியில் நின்ற வண்டியில், வைப்பருக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகளுக்குள் பொடி இலைகள் இறங்கிச் சேறாகி, அங்கே தேங்கும் ஈரம் முன் தரை வரை அரித்திருக்கும். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி நின்றதில், கோமியம் பட்ட பக்கம் மட்டும் சக்கர வளைவு காணாமல் போயிருக்கும். மூன்றாவது உர மூட்டை. வெறும் டிக்கியை இடம் வீணாகிறதே என்று பொட்டாஷ் அடுக்கி வைத்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். பொட்டாஷ் என்பது ஓர் உப்பு, மூட்டை கசிந்த இடத்தில் தகடு சல்லடையாகும்.

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி, நான்கு சக்கர வளைவு, டிக்கித் தரை, கண்ணாடிச் சட்டத்தின் மூலைகள் என நகர்த்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டி இருக்கிறது. சாக்பீஸால் அந்த இடங்களை வட்டமிட்டுப் படம் எடுங்கள். ஸ்குரூடிரைவர் நுழையும் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தால், அளவைப் பற்றிய வாதம் வராது. விற்பனைக்காகப் புதிதாகப் பட்டியோ பிரைமரோ அடிக்கவே வேண்டாம். அனுபவமுள்ளவர் புதுப் பூச்சைக் கண்டால் அதன் அடியில் உள்ளதை உள்ளதைவிட மோசமாகவே கற்பனை செய்துகொள்வார், நீங்கள் செலவழித்த பணத்தை அவர் மறுபடி செலவழித்துச் சுரண்ட வேண்டியிருக்கும்.

எஞ்சின் இறுகியிருக்கிறதா என்று தெரியாமல் ‘ஓடும் நிலை’ என்று எழுதாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயில் விட்டு, நான்கைந்து நாள் ஊறவிட்டு, முன்பக்கப் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அதை ஒரே ஓட்டமாகக் காணொளி எடுங்கள். சுற்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு, இறுகியிருக்கிறது என்று எழுதுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்துத் திருக முயன்று ரிங்கை உடைத்தவர்கள் உண்டு.

விலை

விலைக்கு ஓர் அடித்தளமும் ஒரு கூரையும் உண்டு. அடித்தளம் பழைய இரும்பு விலை. காயலான் கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லும் எடையை ஏற்காமல், அன்றைய கிலோ விலையை இரண்டு கடைகளில் விசாரித்து நீங்களே கணக்கிடுங்கள். எடை தெரிய வேண்டுமானால், கிரானைட் லாரிகள் ஓடும் நம் ஊர்களில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. கூரையைக் கணக்கிட, இதே மாதிரி நன்கு ஓடும் கான்டெஸா எந்த விலைக்குக் கைமாறுகிறது என்று சில வாரம் விற்பனைத் தளங்களைக் கவனித்து, அதிலிருந்து டிங்கரிங், பெயிண்ட், எஞ்சின், இருக்கை, குரோம் ஆகியவற்றின் செலவையும், இல்லாத பாகங்களின் விலையையும், பதிவுச் செலவையும் கழிக்க வேண்டும். பேச்சுக்கு, ஓடும் வண்டி 6 லட்சம், வேலை 4 லட்சம், இல்லாத பாகங்கள் 60,000, பதிவு 40,000 என்று வைத்தால், மீதி 1 லட்சம். அதிலும் ஒரு பகுதியை, எதிர்பாராத செலவுக்கு என்று வாங்குபவர் குறைத்தே கேட்பார்; கேட்பது நியாயமும்கூட. உங்கள் பட்டியல் எவ்வளவு தெளிவோ அவ்வளவுக்கு அந்தக் குறைப்பு சுருங்கும்.

பெரியப்பா இந்த வண்டிக்கு அன்று கொடுத்த விலை, குடும்பம் இதில் திருப்பதி போன நினைவு, இதுவரை மெக்கானிக்குக்குக் கொட்டிய தொகை ஆகியவை இந்தக் கணக்கில் வராது. சொல்லிப் பார்த்தேன், யாரும் அதற்கு ஒரு ரூபாய் கூட்டவில்லை.

விளம்பரம்

படங்களைக் காலை வெயிலில், பாடியை நனைக்காமல் எடுங்கள். ஈரம் பட்ட பழைய பெயிண்ட் பளபளத்துக் குறையை மறைக்கும், நேரில் வந்தவர் ஏமாந்ததாக நினைப்பார். முழு வண்டியின் நான்கு பக்கம், அடிப்பகுதி, ஒவ்வொரு குவியல், குறைகள் எல்லாவற்றையும் சேர்த்து நாற்பது படமாவது வேண்டும். சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யையும் பொது விளம்பரத்தில் போடாமல், நேரில் காட்டுங்கள். சொற்கள் இவ்வளவு போதும்:

“1991 கான்டெஸா கிளாசிக், 1.8 பெட்ரோல், டிஎன் 29 பதிவு. முழுவதும் பிரித்த நிலை, ஓடாது. ஆர்.சி. மூலப் புத்தகம் உண்டு, பதிவு 2011இல் காலாவதி, கடன் இல்லை. சேசிஸ், எஞ்சின் எண்கள் ஆர்.சி.யுடன் ஒத்துள்ளன. எஞ்சின் கையால் சுற்றுகிறது. கண்ணாடிகள் அனைத்தும், கிரில், இரண்டு பம்பரும் உண்டு. இடப்பக்கப் பின் விளக்கு உடைந்தது. ரேடியேட்டரும் பின் இருக்கையும் இல்லை. இடப்பக்க முன் தரையில் கை அகல ஓட்டை. நான்கு சக்கரத்தில் உருளும். 62 வரிப் பட்டியலும் படங்களும் கேட்டால் அனுப்பப்படும். முழுதாக மட்டுமே விற்பனை. பார்க்குமிடம் பாலக்கோடு அருகில்.”

இடத்தை எழுதுவதில் நமக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் தேசிய நெடுஞ்சாலை 44இன் மேல் இருப்பதால், பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ காலையில் புறப்பட்டு வந்து பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். பழைய வண்டிப் பிரியர்கள் மிகுந்த பெங்களூரு, கோயம்புத்தூர், சென்னை ஆகிய மூன்று ஊர்களையும் குறிவைத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளம்பரம் செய்யுங்கள்.

பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, முன்பணம் அனுப்ப ஒரு கியூஆர் படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது பழகிப்போன மோசடி. பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணை அடிக்கவோ ஒருபோதும் தேவையில்லை.

பேச்சும் எழுத்தும்

நேரில் வருபவரைத் தனியே விட்டு ஒரு மணி நேரம் பார்க்க விடுங்கள். பட்டியலைக் கையில் கொடுத்து, எந்த உறையையும் பிரித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். முன்பணம் வாங்கினால், தொகை, மீதி தரவேண்டிய நாள், வண்டியை எடுக்கவேண்டிய நாள் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எடுக்கும் நாளை எழுதாவிட்டால், விற்ற வண்டிக்கு இன்னொரு மழைக்காலம் காவல் இருக்க நேரும். ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தொகை எதுவானாலும் வங்கி வழியாக வாங்குவதே பின்னாளில் சாட்சி.

விற்பனைக் கடிதத்தை முத்திரைத்தாளில், தேதியுடன் மணியையும் குறித்து எழுதுங்கள். வண்டி ஓடாத, பிரித்த நிலையில் உள்ளவாறே விற்கப்படுகிறது என்பதும், பாகப் பட்டியல் இணைப்பாக உள்ளது என்பதும், பதிவு காலாவதியானது வாங்குபவருக்குத் தெரியும் என்பதும், புதுப்பித்துப் பெயர் மாற்றும் வரை அவர் அதைப் பொதுச் சாலையில் ஓட்ட மாட்டார் என்பதும், அதற்கான செலவும் பொறுப்பும் அவருடையவை என்பதும் அதில் இருக்க வேண்டும். இருவரின் அடையாள அட்டை நகல், இரண்டு சாட்சி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29ஐயும் 30ஐயும் வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பியே கையெழுத்திடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தால் நான்கு கை மாறிய வண்டிக்கு முதல் கைக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இது வெறும் அச்சமன்று. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு இழப்பீடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கிலும் வண்டி பலர் கைமாறியிருந்தது.

ஆகவே விற்ற 14 நாளுக்குள், மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, நிரப்பிய படிவம் 29ஐப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; நேரில் வாங்க மறுத்தால் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவர் கர்நாடகத்துக்காரர் என்றால் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்றும் வேண்டும். பதிவு உயிரோடு இல்லாத வண்டிக்கு அது எளிதில் கிடைக்காது என்பதையும், அங்கே சாலை வரி தனியாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும்.

ஏற்றி அனுப்புதல்

உருளும் பாடிக்கும் உருளாத பாடிக்கும் விலையிலேயே வேறுபாடு உண்டு. நட்டுத் துளை பொருந்தும் எந்தப் பழைய சக்கரமானாலும் நான்கை மாட்டி, காற்றடைத்து வையுங்கள். அச்சே இல்லையென்றால், ஓசூரிலோ தருமபுரியிலோ வெல்டிங் பட்டறையில் சிறு சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் செய்து பாடியை அதன்மேல் உட்கார வைக்கலாம். பிரேக் கிடையாது என்பதை மறந்து சரிவில் தள்ளிவிட வேண்டாம். பின்னால் கட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆள் நடக்க வேண்டும். பிளாட்பெட் லாரியில் பாடியும், சிறு சரக்கு வண்டியில் பாகங்களும் போகட்டும். பாகங்களைப் பாடிக்குள் கொட்டி ஏற்றினால் வழியில் கண்ணாடி உடையும். கண்ணாடிகளைப் படுக்க வைக்காமல், பழைய மெத்தைகளுக்கு இடையில் நிற்க வைத்துக் கட்டுங்கள். சேலம் பக்கம் போகும் வண்டி என்றால், தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன் நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஓசூர் வழியே போவதென்றால், மாநில எல்லையில் உள்ள ஜூஜூவாடியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட, விற்பனைக் கடிதத்தின் நகலும் ஆர்.சி. நகலும் ஓட்டுநரிடம் இருக்கட்டும். மீதிப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைக் கண்ட பிறகே கொக்கி மாட்ட வேண்டும்.

ஏற்றும்போது பட்டியலை ஒவ்வொரு வரியாக வாசித்து, வாங்குபவர் கையால் குறியிட்டுக் கடைசித் தாளில் கையெழுத்திடட்டும். எங்களுக்கு இதற்கு மட்டும் மூன்று மணி நேரம் பிடித்தது. வண்டி போன பிறகு ஷெட்டைக் கூட்டிப் பாருங்கள். என் ஷெட்டில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் டிக்கிப் பூட்டும் இரண்டு ஜன்னல் கிளிப்பும் கிடைத்தன, மறுநாள் கூரியரில் அனுப்பினேன். கோப்பை எறிய வேண்டாம். மாதம் ஒருமுறை பரிவாகனில் பதிவெண்ணைத் தட்டி, உங்கள் பெயர் நீங்கி வேறு பெயர் வந்துவிட்டதா என்று பார்த்து வாருங்கள். என் பெயர் நீங்க இருபது மாதமாயிற்று.